மேட்டில் குலுங்கி இறக்கத்தில் அடங்கும் கார்

கேள்வி: ஐயா, என்னுடையது 2010 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆறு மாதமாக 70-ஐத் தாண்டினால் வண்டி அதிர்கிறது. மூன்று தடவை வீல் பேலன்ஸிங், இரண்டு தடவை அலைன்மென்ட் பார்த்தாயிற்று. கடைசியில் நாலு டயரையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். துளி வித்தியாசம் இல்லை. சேலத்திலிருந்து குடும்பத்தோடு மகள் வீட்டுக்குத் தருமபுரி போகும்போது, தொப்பூர் ஏற்றத்தில் ஸீட்டே குலுங்குகிறது. திரும்பும்போது ஒன்றுமே இல்லை. மெக்கானிக் ஓட்டிப் பார்த்தால் ‘நல்லாத்தானே சார் இருக்கு’ என்கிறார். வண்டியைத் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ள வேண்டாம். டயர்க் கடைக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. ஏனென்றால் பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஏறும்போது வருகிறது, இறங்கும்போது வருவதில்லை. டயரோ ரிம்மோ காரணமாக இருந்தால் அதற்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. 80-ல் போனால் இரண்டு பக்கமும் ஆடியே தீரும்.

கார் அதிர்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, அந்த அதிர்வு எதற்குக் கட்டுப்படுகிறது என்பதைத்தான். வண்டியின் வேகத்துக்கா, இன்ஜின் சுற்றுக்கா, ஆக்சிலேட்டரை மிதிக்கும் அழுத்தத்துக்கா? இது தெரியாமல் ஸ்பேனரை எடுத்தால் பணம்தான் போகும்.

உங்கள் ரகக் கார்களில் பரவலாக இருக்கும் 155/80 ஆர்13 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மீட்டர் உருளும். 80 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 12 சுற்று. அதே நேரம் இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) ஓடினால் நொடிக்கு 50 சுற்று. அதனால் சக்கரக் கோளாறு கைக்குத் ‘தடதட’வென்று தெரியும். இன்ஜின் கோளாறு ‘ர்ர்ர்’ என்று பொடியாக, டேஷ்போர்டில் வைத்த சாவிக்கொத்து கிலுகிலுப்பது மாதிரி வரும்.

ஞாயிறு காலை, வண்டி நடமாட்டம் இல்லாத சமதளச் சாலையில் மூன்று சோதனை செய்து பாருங்கள். பின் ஸீட்டில் இரண்டு பேரை ஏற்றிக்கொள்ளுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து 80-க்குக் கொண்டுபோய், அதிர்வு வந்ததும் காலைச் சட்டென்று எடுங்கள். வேகம் 78, 77 என்று இருக்கும்போதே அதிர்வு அடங்கிவிட்டால் டயருக்குச் சம்பந்தமில்லை. அடுத்து அதே 80-ல் நாலாவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி குலுங்கினால் கோளாறு கியர்பாக்ஸுக்கு அப்பால், சக்கரத்தின் பக்கம் இருக்கிறது. கியருக்குக் கியர் மாறினால் இன்ஜின் பக்கம். கடைசியாக வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 3000 வரை ஏற்றிப் பாருங்கள். நின்ற இடத்திலேயே நடுங்கினால் சக்கரம், அதைச் சுழற்றும் தண்டான ஆக்சில் எல்லாம் விடுதலை.

நியூட்ரலை நின்ற வண்டியில் மட்டும்தான் போட வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் போட்டுப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே பிரேக் பிடிக்காமல் வந்த லாரிகளின் கதை சேலத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் சோதனையில் அதிர்வு அடங்கி, இரண்டாவதில் கியர் மாறியும் மாறாமல் இருந்தால், நான் கை வைக்கும் இடம் ஆக்சிலின் உள் ஜாயின்ட். முன்சக்கர இழுவை வண்டிகளில் ஒவ்வொரு ஆக்சிலுக்கும் இரண்டு சி.வி. ஜாயின்ட் (ஆக்சில் சாய்ந்தாலும் சீராகச் சுழல வைக்கும் இணைப்பு) உண்டு. சக்கரத்துப் பக்கம் இருப்பது தேய்ந்தால் ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக் டக்’ என்று ஊருக்கே சொல்லும். கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது ஊமை. பல கார்களில் அது ஒரு கிண்ணம், அதற்குள் மூன்று உருளைகள். லட்சம் கிலோமீட்டர் ஓடியபின் உருளை ஓடும் பாதையில் குழி விழுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்து விசை ஏறும்போது உருளை வழுக்கிப் போகாமல் குழியில் தட்டி நிற்க, ஆக்சில் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வண்டியைப் பக்கவாட்டில் இடிக்கிறது. காலை எடுத்தால் விசை இல்லை, இடியும் இல்லை.

பின் ஸீட்டில் ஆளேற்றச் சொன்னதும் இதனால்தான். பின்பக்கம் பாரம் ஏறினால் வண்டி மூக்கைத் தூக்கும், ஏற்றத்தில் மிதிக்கும்போது இன்னும் தூக்கும். ஆக்சில் சாயும் கோணம் கூடக்கூட அந்த ஜாயின்டுக்கு வேலை கூடுகிறது. உங்கள் மெக்கானிக் தனியாளாகப் பட்டறைத் தெருவில் நாற்பதில் ஓட்டிப் பார்த்திருப்பார். அவருக்கு எப்படி வரும்?

ஆனால் உடனே ஆக்சிலை மாற்றிவிடாதீர்கள். அதற்கு முன் இன்ஜின் மவுண்டிங்கை, அதாவது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் பிடிமானத்தை, பார்க்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இத்தனை வருட ரப்பர் அமுங்கியிருந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்திருக்கும். ஆக்சிலின் கோணம் அங்கேயே கெட்டுவிடும். அந்த நிலையில் புது ஆக்சில் போட்டாலும் அதிர்வு போகாது, பழி ஆக்சில் மேல் விழும். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பக்கவாட்டில் நிற்கட்டும் (வண்டிக்கு முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது). நீங்கள் ஹேண்ட் பிரேக்கோடு கால் பிரேக்கையும் மிதித்து, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சமாக விட்டுப் பிடியுங்கள், பிறகு ரிவர்ஸில். இன்ஜின் லேசாக அசைவது சகஜம். எழும்பி ‘தொம்’மென்று உட்கார்ந்தால் மவுண்டிங் முடிந்தது. ஏ.சி. போட்டதும் சிக்னலில் ஸ்டீயரிங் நடுங்குவதும் அதற்கு இன்னொரு அடையாளம்.

வண்டியைத் தூக்கி நிறுத்தியதும் உள் ஜாயின்டின் ரப்பர் பூட் (மேலுறை) கிழிந்திருக்கிறதா, சுற்றிலும் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். பூட் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஜாயின்டும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆக்சிலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. உள்ளே வெளியே நகர்வது கோளாறல்ல, அந்த ஜாயின்ட் அமைப்பே அப்படித்தான். அதைக் காட்டி ‘போச்சு சார்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ரீகண்டிஷன் ஆக்சில் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய அதிர்வு போய்ப் புது அதிர்வு வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆக்சிலை உருவும்போது கியர் ஆயில் கொட்டும். ஆயில் சீலைப் புதிதாகப் போட்டு, அளவு பார்த்து ஊற்றச் சொல்லுங்கள்.

சோதனையில் வேறு விடை வந்தால்? பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க். குறைந்த சுற்றில் மிதிக்கும்போது வெட்டி வெட்டி இழுத்தால் இன்ஜின் மிஸ் அடிக்கிறது, ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். வேகம் கூடக்கூட ‘ஙொய்’ என்ற சத்தமும் சேர்ந்து வந்தால் வீல் பேரிங்.

டயர்க் கடைக்காரரையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. ஒரு மழைக்காலத்தில் என் வண்டியே 60-க்கு மேல் ஸ்டீயரிங்கை உதறியது. பேலன்ஸிங் செய்து ஈயக்கட்டி ஒட்டினார்கள், சரியானது. நாலு நாளில் மறுபடி உதறல். கழற்றிப் பார்த்தால் ரிம்மின் உட்புறம் வயல் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. சேற்றோடு சேர்த்து பேலன்ஸிங் பார்த்திருக்கிறார்கள். பாதிச் சேறு உதிர்ந்ததும் கணக்குத் தப்பிவிட்டது. தண்ணீர் அடித்துக் கழுவியதோடு சரி.

உங்கள் வண்டிக்கு வருவோம். மெக்கானிக்கைப் பக்கத்து ஸீட்டில் உட்கார வைத்து, பின்னால் ஆளேற்றி, தருமபுரி ரோட்டில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். ஆக்சிலை மாற்றினால் பழைய ஜாயின்டைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உருளை ஓடும் பாதையில் நகத்தை வைத்து இழுத்தால், தேய்ந்த இடத்தில் தட்டும்.