பறக்காத டிக்கெட்டுக்குப் பாயிண்ட் கேட்டு நோட்டீஸ் விடலாமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். சென்னையிலிருந்து லண்டனுக்குப் போக வர பிசினஸ் கிளாஸ் டிக்கெட், கம்பெனி கணக்கில் 2,90,000 ரூபாய் கொடுத்து எடுத்தது. திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமனார் தவறிவிட்டார். கிடைத்த வேறு விமானத்தைப் பிடித்து ஓடி வந்தேன், பழைய டிக்கெட்டை ரத்து செய்யவெல்லாம் தோன்றவில்லை. விமான நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் காக்க வைத்து 'நோ-ஷோ', அதாவது சொல்லாமல் வராமல் போனவர், என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்தப் பாதிக்குப் பணமும் இல்லை, அடிக்கடி பறப்பவர்களுக்கு அவர்கள் திட்டத்தில் தரும் பாயிண்டும் இல்லை, அதே திட்டத்தின் கோல்டு கார்டும் இந்த ஆண்டோடு போகிறது. முழுப் பணம் வாங்கியவர்கள் முழுப் பாயிண்ட் தர வேண்டாமா? நான் ஊர் வந்து சேர்ந்த பிறகு என் ஏஜென்ட் அந்தப் பயணத்துக்கு வெப் செக்-இன் செய்து போர்டிங் பாஸ் எடுத்து வைத்திருக்கிறார், அதை இணைத்து 'விடுபட்ட பாயிண்ட்' கேட்கலாம் என்கிறார். ஒருவழி டிக்கெட்டை விட போக வர டிக்கெட் மலிவு என்பதால் இதற்கு முன்பும் இரண்டு தடவை திரும்பும் பாதியை விட்டிருக்கிறேன். அதையும் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமா?

பதில்: துக்க வீட்டில் இருக்கிறீர்கள், வருத்தம்தான். ஆனால் மாமனார் இறந்தது, நாற்பது நிமிடம் காத்திருந்தது, அவர்கள் பேசிய விதம் எதுவும் இந்த விவகாரத்தில் எடுபடாது. எடுபடுவது ஒரே ஒரு விஷயம். திரும்பும் பயணம் யாரால் நடக்கவில்லை?

அவர்கள் விமானத்தை ரத்து செய்து உங்களை வேறொரு கம்பெனி விமானத்தில் ஏற்றிவிட்டிருந்தால், அல்லது சீட்டுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு உங்களை ஏற்ற மறுத்திருந்தால், முதலில் எடுத்த டிக்கெட்டுக்கு என்ன பாயிண்டோ அதைக் கேட்க நல்ல காரணம் உண்டு, கேட்டாலே போட்டுவிடும் நிறுவனங்களும் உண்டு. அப்படிப்பட்ட வழக்கு என்றால் நானே எடுத்திருப்பேன். உங்கள் கதையில் விமானம் கிளம்பியது, நீங்கள்தான் ஏறவில்லை.

முழுப் பணம் கொடுத்தேனே என்கிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அதுவும் பல நிறுவனங்கள் தூரக் கணக்கை விட்டுவிட்டு செலவுக் கணக்கில் பாயிண்ட் தரும் இந்தக் காலத்தில். அமெரிக்க நிறுவனங்களான டெல்டாவும் யுனைடெட்டும் 2015-லேயே அப்படி மாறிவிட்டன, ஏர் இந்தியா 2024-ல் மாறியது. செலவுக்குத்தான் பாயிண்ட் என்றால் செலவு செய்தாயிற்றே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் திட்டத்தின் விதிகளைத் திறந்து பாருங்கள், நீங்கள் 'சம்மதம்' என்று டிக் போட்டுவிட்டுப் படிக்காமல் விட்டது. எவ்வளவு பாயிண்ட் என்பதைத்தான் ரூபாய் சொல்கிறது. பாயிண்ட் உண்டா இல்லையா என்பது, அந்த டிக்கெட்டின் கூப்பன், அதாவது ஒவ்வொரு பயணத்துக்கும் உரிய பதிவு, அவர்கள் சிஸ்டத்தில் 'பறந்தது' என்று மாறியிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மாறவில்லை.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி உங்களுக்குத் தெரிந்திருக்கும். இரண்டு ஆண்டு கெடு, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லை என்பதுதான் பலரை உசுப்பிவிடுகிறது. ஒப்பந்த விதியே அநியாயம், செல்லாது என்று அறிவிக்க மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை, 2019 சட்டப்படி அதற்கு மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அப்புறம் டிக்கெட் கம்பெனிப் பணத்தில் எடுத்தது, டிக்கெட்டில் கட்டிய ஜிஎஸ்டியை இன்புட் என்று கம்பெனி வரியில் கழித்தும் இருப்பீர்கள். 'வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவை, இவர் நுகர்வோரே இல்லை' என்பது எதிர்த்தரப்பு பதில் மனுவின் முதல் பத்தியாக இருக்கும். பணம் கொடுத்தது கம்பெனி, பாயிண்ட் போனது உங்களுக்கு, மனுதாரர் யார்? இதற்கே நாலு வாய்தா போய்விடும்.

இதெல்லாம் போகட்டும், தோற்றால் தோற்றதுதான். என்னைக் கவலைப்பட வைத்தது உங்கள் கடிதத்தின் கடைசிச் சில வரிகள்.

உங்கள் ஏஜென்ட் சொல்வது யோசனை இல்லை, மோசடி. போர்டிங் பாஸ் இருந்தால் பறந்ததாக ஆகாது. கேட்டில் அதை ஸ்கேன் செய்ததா இல்லையா என்பது அவர்களிடம் பதிவாகியிருக்கும், செக்-இன் செய்துவிட்டு ஏறாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டுத்தான் கதவை மூடுவார்கள். அந்தக் கோரிக்கையை அனுப்புவதே 'இந்தப் பயணத்தை நான் மேற்கொண்டேன்' என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். நீங்களோ அதற்கு முன்பே சென்னையில் இறங்கி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டவர். ஏமாற்றுக் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு வரை போவார்களா என்றால், இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அநேகமாகப் போகமாட்டார்கள். போக வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. கணக்கை மூடிவிடுவார்கள்.

இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். என்னிடம் வந்த ஒருவர், மூவாயிரம் சொச்சம் பாயிண்டுக்காக ஆறு மாதம் மெயில் மேல் மெயில் போட்டவர். அவர் கணக்கில் ஏற்கெனவே நாலு லட்சம் பாயிண்ட் கிடந்தது, குடும்பத்தோடு கோடை விடுமுறைக்குப் போக அதிலிருந்து டிக்கெட்டும் போட்டு வைத்திருந்தார். விமான நிறுவனம் சிரமப்பட்டு இவருடைய பழைய பயணங்களை எல்லாம் தோண்டி, பறக்காத இரண்டு பயணத்துக்கு இவர் எப்போதோ பாயிண்ட் வாங்கியிருந்ததைக் கண்டுபிடித்து, ஒரே மெயிலில் கணக்கை முடக்கினார்கள். விடுமுறை டிக்கெட்டும் அதோடு போயிற்று. என்னிடம் வந்தபோது நான் செய்ய முடிந்தது மிகக் கொஞ்சம். பாயிண்ட் உங்கள் சொத்து அல்ல, துஷ்பிரயோகம் என்று நிறுவனம் கருதினால் ரத்து செய்யலாம் என்ற வரி ஏறக்குறைய எல்லாத் திட்டத்திலும் இருக்கிறது. அந்த 'கருதினால்' என்ற வார்த்தையைத் தாண்டுவது லேசு இல்லை.

அமெரிக்காவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது, நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் எதிர் கின்ஸ்பெர்க், 2014. பிளாட்டினம் அந்தஸ்தில் இருந்த ஒரு யூத மதகுரு, ஓயாமல் புகார் கொடுத்து நஷ்டஈடு கேட்கிறார் என்று 2008-ல் திட்டத்தை விட்டே நீக்கப்பட்டார். அவர் பொய் சொன்னதாகக்கூட இல்லை. 'நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை' என்று அவர் போட்ட வாதத்தை ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தள்ளினார்கள். அது அந்த நாட்டு விமானச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு, நம் ஆணையங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நீக்கும் அதிகாரம் தரும் அந்த மாதிரி விதிதான் உங்கள் திட்டத்திலும் இருக்கும்.

அடுத்து, அந்த 'இரண்டு தடவை'. இதை எனக்கு எழுதியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலிவு என்பதற்காகப் போக வர எடுத்துவிட்டு பாதியைத் தூக்கிப் போடுவது குற்றம் அல்ல, ஆனால் பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் அது விதிமீறல், பறந்த தூரத்துக்கு உரிய கட்டணத்தை மறுபடி கணக்கிட்டு வித்தியாசத்தைக் கேட்கலாம் என்று எழுதி வைத்திருப்பார்கள். கடைசிக் கட்டத்தைப் பறக்காமல் விட்ட ஒரு பயணியிடம் ஜெர்மன் நிறுவனமான லுஃப்தான்சா 2,112 யூரோ கேட்டு பெர்லினில் வழக்கே போட்டது. கீழ்க் கோர்ட் தள்ளுபடி செய்தது, சரி, ஆனால் அந்தப் பயணி வக்கீல் வைத்து ஆட வேண்டியிருந்ததே. நீங்கள் நோட்டீஸில் மூன்று டிக்கெட்டையும் வரிசையாக எழுதி அனுப்பினால், அவர்கள் தேட வேண்டிய ஆதாரத்தை உங்கள் செலவில், என் லெட்டர்ஹெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஆகும்.

சமரசமாகப் போங்கள். அதுவும் வேறு விஷயத்தைக் கேட்டு.

பறக்காத டிக்கெட்டில் நீங்கள் கேட்க வேண்டியது வரி. லண்டனிலிருந்து கிளம்பும் பயணிக்கு பிரிட்டிஷ் அரசு விமானப் பயணி வரி போடுகிறது, இந்தியா வரை பிசினஸ் கிளாஸுக்கு அது மட்டுமே 200 பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலேயோ வரும். பயணி உண்மையில் ஏறிப் போனால்தான் நிறுவனம் அதை அரசுக்குக் கட்ட வேண்டும். நீங்கள் போகவில்லை, கேட்காவிட்டால் அது அவர்களிடமே தங்கும். நம் நாட்டு நிறுவனம் என்றால் நோ-ஷோ ஆனாலும், அடிப்படைக் கட்டணம் திரும்பாத டிக்கெட்டானாலும், சட்டப்படியான வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்று, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதியே இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதி, அவர்கள் டிக்கெட் விதி. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், சிலர் நிர்வாகக் கட்டணம் என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். பணம் கம்பெனிக் கணக்குக்குத்தான் திரும்பும், ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கவனியுங்கள், வரியைக் கேட்க 'நான் பறக்கவில்லை' என்று எழுத வேண்டும். பாயிண்டைக் கேட்க 'பறந்தேன்' என்று எழுத வேண்டும். ஒரே டிக்கெட்டுக்கு இரண்டையும் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாயிண்ட் ஒன்றுக்கு ஐம்பது பைசா என்று தாராளமாக வைத்தாலும் எது பெரிய தொகை என்று நீங்களே கணக்குப் போடுங்கள், ஏற்றுமதி செய்பவர்.

கோல்டு கார்டுக்கு வக்கீல் வேண்டாம். இறப்புச் சான்றிதழை இணைத்து நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள், உரிமை என்ற சொல் இல்லாமல், சலுகையாக ஓர் ஆண்டு நீட்டிக்க முடியுமா என்று. மேலே இருப்பவர் படித்தால் சில சமயம் செய்வார்கள். செய்யாவிட்டால் இரண்டாவது கடிதம் வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது, ஏஜென்டுக்கு போன் போட்டு அந்த போர்டிங் பாஸை எங்கேயும் ஏற்றக் கூடாது என்று சொல்வது. ஏற்கெனவே ஏற்றிவிட்டார் என்றால், அவர்கள் பதில் போடும் முன் 'தவறுதலாக அனுப்பப்பட்டது, திரும்பப் பெறுகிறேன்' என்று உங்கள் சொந்த மெயிலிலிருந்து இரண்டு வரி அனுப்பிவிட்டு, அதன் நகலோடு என்னிடம் வாருங்கள்.