‘3 டிசிஎஃப் எரிவாயு’ என்று ஏஜெண்ட் சொன்னால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: செந்தூலில் இருந்து எழுதுகிறேன். வயது 56. மச்சான் மூலமாக ஒரு ஏஜெண்ட் வந்தார். ஒரு சின்ன நிறுவனம் கடலில் 3 டிசிஎஃப் எரிவாயு கண்டுபிடித்திருக்கிறதாம். நாட்டின் கையிருப்புக் கணக்கிலேயே அது சேர்ந்துவிட்டதாம். பங்குச் சந்தைக்கு வருவதற்கு முன் வாங்கினால் பத்து மடங்காகும் என்கிறார். இபிஎஃப் பணத்தில் 40,000 ரிங்கிட் போடலாமா?

பதில்: போடாதீர்கள், ஐயா. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு டிசிஎஃப் என்பது ஒரு டிரில்லியன் கன அடி. அதைச் சந்தை விலையால் பெருக்கினால் தலை சுற்றுகிற தொகை வரும். இந்த ஏஜெண்டுகளின் பிழைப்பே அந்தப் பெருக்கல்தான். அந்த 3 டிசிஎஃப் எந்த வகைக் கணக்கு என்பதை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

பாறைக்குள் மொத்தம் எவ்வளவு வாயு இருக்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவை வெளியே எடுக்க முடியும் என்பது வேறு. எடுத்து, விற்று, செலவு போக மிஞ்சுமா என்று பார்த்து, திட்டமும் உறுதியான பிறகு நிற்பதுதான் கையிருப்பு. கண்டுபிடித்தும் அந்த நிலைக்கு வராதது வளம், அவ்வளவுதான். கையிருப்பிலும் 1பி என்றால் அந்த அளவாவது கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்பு, 2பி 50, 3பி வெறும் 10. ஏஜெண்டின் தாளில் இருப்பது பெரும்பாலும் இருப்பதிலேயே பெரிய எண்.

இந்தோனேசியாவின் நத்துனா டி-ஆல்ஃபா எரிவாயு வயலைப் பாருங்கள். 1973இல் கண்டுபிடித்தார்கள். உள்ளே இருப்பது சுமார் 222 டிசிஎஃப், எடுக்கக்கூடியது 46 என்பார்கள். உள்ளே இருக்கிற மொத்த வாயுவில் ஏறக்குறைய 71 விழுக்காடு கரியமில வாயு. அதைப் பிரித்து எங்கேயாவது புதைக்க வேண்டும். ஐம்பது ஆண்டு தாண்டியும் அங்கே வணிக உற்பத்தி இல்லை.

அப்புறம், நம் நாட்டில் 1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டப்படி எண்ணெயும் எரிவாயுவும் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸுக்கு உரியவை. தோண்டுகிற நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி ஒரு பங்குதான். 3 டிசிஎஃப் முழு வயலுக்கா, நிறுவனத்தின் பங்குக்கு மட்டுமா என்று ஏஜெண்டைக் கேளுங்கள். பேச்சை மாற்றுவார்.

வளம் என்றாலே குப்பை என்றும் நினைக்க வேண்டாம். எண்ணெயைக் கப்பலில் ஏற்றி யாருக்கும் விற்கலாம். எரிவாயுவுக்குக் குழாய் வேண்டும், அல்லது திரவமாக்கும் ஆலை வேண்டும், பல ஆண்டுக்கு வாங்குகிறவரும் வேண்டும். ஆகவே நல்ல வாயுவே வாங்க ஆளில்லாமல் ‘வளம்’ என்ற பெயரில் காத்துக் கிடக்கும். சரவாக் கடலில், பிந்துலுவில் உள்ள திரவமாக்கும் ஆலைக்குப் போகிற குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன வயல் இருந்தால் அதன் கதை வேறு. குழாயில் இடம் கிடைத்து, விற்பனை ஒப்பந்தமும் கையெழுத்தானால் அதே வாயு கையிருப்பாக மாறிவிடும். ஆனால் குழாயிலும் ஆலையிலும் இடம் இருப்பதை ஒப்பந்தம் காட்ட வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது போதாது. உங்கள் ஏஜெண்ட் காட்டியது வரைபடம் மட்டும்தானே?

நாட்டுக் கணக்கில் சேர்ந்தது என்ற பேச்சும் உதவாது. எல்லா நாடும் ஒரே வரையறையில் கணக்குத் தருவதில்லை. பன்னாட்டு அட்டவணைகள் அரசுகள் தருகிற எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகின்றன. எது 1பி, எது 2பி என்று சாதாரண மனிதன் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்? இத்தனை ஆண்டாகியும் இதைச் சரிசெய்யாதது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஷெல் போன்ற பெரிய நிறுவனமே 2004இல் தன் உறுதிக் கையிருப்பில் 3.9 பில்லியன் பீப்பாய்க்குச் சமமான அளவைக் குறைத்துக்கொண்டது. தணிக்கையும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே இந்த நிலை என்றால், வாட்ஸ்அப்பில் வந்த தாளை எப்படி நம்புவது?

ஏஜெண்டிடம் சுயேச்சையான மதிப்பீட்டு நிபுணரின் முழு அறிக்கையைக் கேளுங்கள். ஒரு பக்கச் சுருக்கம் வேண்டாம். நிறுவனத்தின் பெயரும் ஏஜெண்டின் பெயரும் பங்கு ஆணையத்தின் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இல்லை என்பதற்காக நல்லவர் என்று ஆகிவிடாது, உரிமம் இருக்கிறதா என்றும் ஆணையத்திலேயே கேளுங்கள். மச்சான் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு இந்த வாரமே புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.