ஜூலையில் லடாக்கில் இருக்கும் லே நகருக்குப் போகிறோம். மழைக்காலமாச்சே, ரெயின்கோட் வேண்டுமா? எவ்வளவு குளிரும்?

கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது, வீட்டில் ஆளுக்கு நாலு ஸ்வெட்டர் வாங்கி அடுக்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் கிளம்பினேன்.

விமானத்தில் போகிறீர்கள் என்றால் ரெயின்கோட் அநேகமாகப் பெட்டியிலேயே தூங்கும். பருவமழை மேகங்களை இமயமலை தெற்குப் பக்கமே மறித்துவிடுகிறது. வருஷம் முழுக்கச் சேர்த்து லேயில் பெய்வதே சுமார் 10 சென்டிமீட்டர்தான். நம் பக்கம் ஒரு புயல் நாளில் அது கொட்டிவிடும். "2010 ஆகஸ்டில் மேகவெடிப்பில் அத்தனை பேர் செத்தார்களே" என்று யாராவது சண்டைக்கு வரலாம். மழையே வராது என்று நான் சொல்லவில்லை. மணாலி வழியாகச் சாலையில் போவதானால் கதையே வேறு. அந்தப் பக்கம் ஜூலையில் நல்ல மழை, நிலச்சரிவும் உண்டு.

ஜூலையில் பகலில் 25 டிகிரி வரை போகும், ராத்திரி 10 பக்கம் இறங்கும். ஒரு ஸ்வெட்டர் போதும். இன்னும் உயரத்தில் இருக்கும் பாங்காங் ஏரிக்கரையில் தங்கினால் மட்டும் கனமான ஜாக்கெட். (ஜனவரியில் போய் வந்தவர்கள் கோபிக்க வேண்டாம். மைனஸ் 15-இல் குழாய்த் தண்ணீர் உறைவது எனக்கும் தெரியும்.)

என்னைப் படுத்தியது குளிர் இல்லை, வெயில். மனைவி சன்ஸ்கிரீனை நீட்டியபோது, "கறுப்பா இருக்கிற எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சிரித்தேன். லேயில் குன்றின் மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபியில் தொப்பி இல்லாமல் இரண்டு மணி நேரம். காற்று ஜில்லென்று அடித்ததால் வெயில் உறைக்கவே இல்லை. 3,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிசு, மேகமும் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்க அங்கே என்ன இருக்கிறது? சாயங்காலம் மூக்கும் காது மடலும் தொட்டாலே எரிந்தன. உதடு வெடித்து, சூப்பை வாயில் வைக்க முடியவில்லை. நாலாம் நாள் மூக்குத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. கூலிங்கிளாஸ் இருந்த இடம் மட்டும் பழைய நிறத்தில்.

அந்த முகத்தோடு ஊர் திரும்பிய வாரமே ஒரு கல்யாணம். அத்தை ஒருத்தி பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நல்லவேளை, உனக்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சுப்பா" என்றார். சிரிப்பு. எரியுதா என்று ஒருவரும் கேட்கவில்லை. சொந்தக்காரர்களுக்கு நம் முகத்தில் நிறம் மட்டும்தான் தெரியும் போல. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, சரி.

அப்புறம், இறங்கியதும் உடம்பு உயரத்துக்குப் பழக முதல் இரண்டு நாள் எங்கேயும் ஏறாமல் சும்மா இருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். நான் டாக்டர் இல்லை; உயரம் ஒத்துக்கொள்வதற்கான மாத்திரை விஷயத்தை உங்கள் டாக்டரிடமே கேளுங்கள். கிரீம் டியூபை அங்கே போய்த் திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். உயரத்தில் அழுத்தம் குறைவு, பாதி வெளியே பீய்ச்சிவிடும். கடைசியில் என் சட்டைக்குத்தான் சன்ஸ்கிரீன் போட்டேன்.