ஆதி மனிதர் ஊராகக் குடியேறிய பாடத்தை நடத்திவிட்டு, 'நம்ம ஊர் ஏன் இங்கே இருக்கு?' என்று கேட்டால் உங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முழிக்கிறார்களா?

கற்காலத்தைத் தள்ளி வையுங்கள், தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம் என்கிறீர்கள், சுற்றிலும் குளமும் வயலும்தானே.

குகை, வேட்டை, ஆற்றங்கரை என்று வரிசையாக ஒப்பிக்கும் பிள்ளைகள் சொந்த ஊரைக் கேட்டதும் முழிப்பதற்குக் காரணம், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் வீட்டில் வளர்கிறவர்களுக்கு 'ஆற்றங்கரை' வெறும் சொல்தான் என்று நினைக்கிறேன்.

இதைச் செய்து பாருங்கள். பெரிய தாம்பாளத்தில் ஈர மணலைச் சரிவாகப் பரப்பி, மேலே ஒரு குழி தோண்டி அதைக் குளம் என்று சொல்லுங்கள். ஆளுக்கு நாலு தீப்பெட்டி கொடுத்து வீடு வைக்கச் சொல்லுங்கள். எல்லாரும் குளத்துக்குக் கீழே பள்ளத்தில்தான் வைப்பார்கள். இப்போது ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள், பெட்டிகள் மிதக்கும். அப்புறம் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், யாராவது ஒரு பிள்ளை தானாகவே வீட்டை மேட்டுக்கு மாற்றும். வீடு மேட்டில், வயல் பள்ளத்தில்: நாஞ்சில் நாட்டு ஊர், அதாவது உங்கள் பக்கத்து ஊர், அங்கேயே வந்துவிட்டது. பாதை, சந்தை, புதூர் எப்படி வந்தன என்பதெல்லாம் மறுநாள்.

பிறகு ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள். குளம், விளை, துறை என்று முடிவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். விளை என்றால் மேட்டு நிலத் தோட்டம் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம், எல்லா ஊரும் வயலால் வந்ததென்று சொல்லிவிடாதீர்கள். முட்டம், குளச்சல் பக்கத்துப் பிள்ளை வகுப்பில் இருந்தால், அவர்கள் ஊருக்குக் கடலும் வள்ளம் கரையேறும் இடமும்தான் காரணம்.