2011 நாஸ்கார் கடைசிப் பந்தயம்: எட்வர்ட்ஸுக்கு ஒரு புள்ளி கூடுதலாக வருவது ஏன்?

அமெரிக்கக் கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கோப்பையின் 2011 புள்ளிகளை நீங்கள் சூத்திரம் போட்டுக் கூட்டியதில், கார்ல் எட்வர்ட்ஸ் டோனி ஸ்டூவர்ட்டை ஒரு புள்ளி முந்துவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கடைசிப் பந்தயம் நடந்த ஹோம்ஸ்டெட்டில் ஸ்டூவர்ட்டுக்கு 46 அல்ல, 47. உங்கள் அட்டவணையில் எட்வர்ட்ஸ் 2403, ஸ்டூவர்ட் 2402 என்று நிற்பதற்கு அந்த ஒரு புள்ளிதான் காரணம். உண்மையில் இறுதி மொத்தம் இருவருக்கும் 2403.

வெற்றிக்கு 43, அதற்கு மேல் போனஸ் 3 என்று கூட்டி நிறுத்தியிருப்பீர்கள். ஒரு சுற்றாவது முன்னிலை வகித்தால் இன்னொரு புள்ளி உண்டு. இரண்டாவதாக வந்த எட்வர்ட்ஸுக்கு 42, முன்னிலைக்கு 1, அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடியதற்கு 1, ஆக 44. மூன்று புள்ளி முன்னிலையோடு வந்தவர், அது அப்படியே கரைந்து சமநிலை. (பாவம், அன்று அவர் ஓட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.)

சமநிலை வந்தால் அதிக வெற்றிதான் கணக்கு. ஸ்டூவர்ட்டுக்கு 5, எட்வர்ட்ஸுக்கு 1. அந்த ஐந்தும் கடைசிப் பத்துப் பந்தயங்களில் வந்தவை!

சரிபார்க்க ஒரு வழி: கடைசிச் சுற்றில் முன்னால் இருப்பவர்தானே ஜெயிக்கிறார், அதனால் அந்த ஆண்டு ஒவ்வொரு பந்தயத்திலும் வென்றவரின் வரிசையில் 47 அல்லது 48தான் இருக்க வேண்டும். 46 இருந்தால் உங்கள் சூத்திரத்தில் முன்னிலைப் புள்ளி விடுபட்டிருக்கிறது.

ஆனால் அந்த ஆண்டின் முதல் பந்தயமான டேடோனா 500-ஐ அப்படித் திருத்திவிடாதீர்கள். அதில் வென்ற டிரெவர் பெய்ன் நாஸ்காரின் இரண்டாம் நிலைத் தொடரான நேஷன்வைடில் புள்ளி சேர்ப்பதாகப் பதிந்திருந்ததால் அவருக்கு இங்கே பூஜ்யம்தான். அப்புறம், 2010 பட்டியலை இதே சூத்திரத்தில் போடாதீர்கள், அது வேறு புள்ளிமுறை.