சீனாவின் தைஷான் மலை ஏறப் போகிறவர்களின் கேள்விகள்

கே: ரோப் கார் உண்டா? அம்மாவுக்கு முட்டி வலி.

உண்டு. பாதி வழியான சோங்தியன்மென் வரை பஸ், அங்கிருந்து நான்தியன்மென் வரை ரோப் கார். அதற்கு மேல் உச்சி வரை கொஞ்சம் படி இருக்கிறது, நிதானமாக ஏறச் சொல்லுங்கள்.

கே: நடந்தே ஏறினால்?

சுமார் 7000 படி. உச்சி 1545 மீட்டர்தான், ஆனால் கடைசியில் வரும் 'பதினெட்டு வளைவு' மட்டும் 1600 படிக்கு மேல், செங்குத்து. சூரிய உதயம் பார்க்க ராத்திரியில் ஏறுபவர்கள் நிறைய. மேலே குளிர் அதிகம், பச்சை ராணுவக் கோட்டு வாடகைக்குக் கிடைக்கும். மே தின விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத் தேசிய தின விடுமுறையிலும் போகாதீர்கள், படியில் கால் வைக்க இடமிருக்காது.

கே: ஒரே நாள்தான் இருக்கிறது. கீழே ஊருக்குள் இருக்கும் தைமியாவ் கோயிலை விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். மலை வழிபாடே அங்கேதான் தொடங்குகிறது. வானத்துக்கும் பூமிக்கும் பேரரசர்கள் செய்த ஃபெங்ஷான் சடங்குக்காக கி.மு. 219இல் சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் வந்தார், கி.பி. 725இல் தாங் ஷுவான்சோங், கடைசியாக 1008இல் சோங் சென்சோங். அடுத்த வருடம் இந்தக் கோயிலில் எழுந்த பெரிய மண்டபத்துக்குள் மலைத்தெய்வம் பரிவாரத்தோடு ஊர்வலம் போகும் சுவரோவியம் 60 மீட்டருக்கு மேல் நீள்கிறது. அப்புறம், சின் ஷி ஹுவாங் மலையில் நிறுத்திய கல்வெட்டில் மிஞ்சியதும் இங்கேதான் இருக்கிறது: இரண்டு துண்டு, பத்தே எழுத்து. சில எழுத்துகள் முழுசாகக்கூட இல்லை. ஆனாலும் கோடுகளின் வளைவைக் கிட்டப் போய்ப் பாருங்கள், ஒரே தடிமனில் ஓடும். உச்சியை விட எனக்கு இந்தக் கல்தான் பெரிது.

கே: உச்சியில் எழுத்தே இல்லாத தூண் ஒன்று நிற்கிறதே, அதுவும் சின் ஷி ஹுவாங்குடையதுதானே? புத்தகங்களை எரித்தவர், எழுத்து வேண்டாமென்று வெறுங்கல் நட்டார் என்கிறார்கள்.

இல்லை. அவர் மலை ஏறியது கி.மு. 219, புத்தகம் எரித்தது கி.மு. 213. ஆறு வருடம் கழித்து நடக்கப்போவதற்காக முன்பே எப்படிக் கல் நடுவது?

கே: அவரேதான். எழுத்து மழையில் தேய்ந்திருக்கலாமே!

அவர் கல்லில் வெட்டிய வாசகத்தையே பழைய வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதி வைத்திருக்கிறார், அந்தக் கல்லில் மிஞ்சிய பத்து எழுத்தும் கீழே கோயிலில் இருக்கிறது. பின்னால் வந்த பேரரசர் ஹான் வூதி கி.மு. 110இல் உச்சிக்குக் கல் ஏற்றி நட்டதையும் அதே சிமா சியான் சொல்கிறார், அதில் எழுத்து வெட்டியதாகப் பேச்சே இல்லை. 17ஆம் நூற்றாண்டு அறிஞர் கு யான்வூவும் அது ஹான் வூதியுடையது என்றே வாதிட்டார். நான் அவர் பக்கம்.

கே: அப்படியானால் வழிகாட்டிகள் எல்லோரும் தப்பா?

சுவையான கதையை யாரும் விடமாட்டார்கள். தேதியைப் பாருங்கள், போதும்.

கே: ரோப் கார் இருக்கிறதா?

மேலே முதல் பதில்.

கே: விசா?

தூதரகத்தின் தளத்தைப் பாருங்கள்.

கே: தமிழ்த் தொடர்பு ஏதாவது?

இந்த மலையில் எனக்குத் தெரிந்து இல்லை. தெற்கே ஃபூஜியன் மாகாணத்து சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் சம்பந்தப்பட்டது. அது வேறு பயணம்.

கே: பாறையில் பௌத்த சூத்திரம் இருக்கிறதாமே, காகிதம் ஒட்டிப் படியெடுக்கலாமா?

கூடாது! ஏறும் வழியிலிருந்து கொஞ்சம் விலகினால் சாய்ந்த பாறைப்பரப்பில் வஜ்ரச்சேதிகா சூத்திரம், ஒவ்வொரு எழுத்தும் அரை மீட்டர், 6ஆம் நூற்றாண்டு வேலை. தண்ணீர் ஓடி ஓடியே பாதிக்கு மேல் போய்விட்டது. கைகூட வைக்காதீர்கள்.

கே: அக்டோபர் 2 போகிறோம், டிப்ஸ்?

தேதியை மாற்றுங்கள். முடியாவிட்டால் மலையை விட்டு, தெற்கே சூஃபூவில் கன்ஃபூசியஸ் குடும்பத்தின் கல்லறைத் தோப்புக்குப் போங்கள். அங்கேயும் கூட்டம் இருக்கும், ஆனால் தோப்பு பெரிது, ஒதுங்கி நடக்கலாம்.