மியாட்டாவில் முதலில் எதை மாற்றுவது? கேள்வி பதில்

மாஸ்டாவின் கூரை திறக்கும் இரண்டு சீட் கார் எம்எக்ஸ்-5, அதாவது மியாட்டா, வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை வண்டிகள். ரேஸ் டிராக் பக்கம் போகவில்லை. தினமும் ஓடும் சாலைக்கு எது உதவும் என்று மட்டும் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கே: 1.6 லிட்டர் வண்டி, இப்போதுதான் வாங்கினேன். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. முதலில் டர்போவா, காயில்ஓவரா?

டர்போ எஞ்சின் சக்தியைக் கூட்டும்; காயில்ஓவர் என்பது உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட். இரண்டும் வேண்டாம். வண்டிக்கு முப்பது வயதாகிவிட்டது. புதிதாக இருந்தபோது அது எப்படி ஓடியது என்பதே உங்களுக்கு இன்னும் தெரியாது. முதலில் அந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தக் காரில் நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும். அதனால் அந்தக் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்களின் எண்ணிக்கை அதிகம். ஒவ்வொன்றும் கொஞ்சம் தளர்ந்தாலே போதும், ஸ்டியரிங் மந்தமாகிவிடும். பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் இரண்டையும் பாருங்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். அறுந்தால் இந்த எஞ்சினில் வால்வு வளையாது, ஆனால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடும்.

அப்புறம், மடக்கும் கூரைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பாடிக்குள் தேங்கித் துருப்பிடிக்கும். துருப்பிடித்த பாடியில் எவ்வளவு விலையுயர்ந்த சஸ்பென்ஷன் போட்டாலும் வீண்தான்.

கே: புஷ் மாற்றும்போது பாலியூரித்தேன் போடலாமா?

தினசரி ஓட்டத்துக்கு ரப்பரே போதும். பாலியூரித்தேனில் ஸ்டியரிங் கூர்மையாகும், கூடவே அதிர்வும் வரும்; கிரீஸ் காய்ந்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும்.

ரப்பர் போடுவதில் ஒரு விஷயத்தை மெக்கானிக்கிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சீக்கிரம் கிழிந்துபோகும்.

கே: 17 அங்குல வீல் போட ஆசை. பார்க்க அருமையாக இருக்கிறது.

பார்க்க மட்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். டயர் அளவில் முதல் எண் அகலம் (மி.மீ.), அடுத்தது அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் வீலின் அங்குலம். 185/60 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578 மி.மீ. 195/50 ஆர்15 போட்டால் 576. ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம் எதுவும் மாறாது. 205/40 ஆர்17 போட்டால் 596 ஆகிவிடும். ஏற்கெனவே சக்தி குறைந்த எஞ்சின், அதற்கு இன்னும் நீளமான கியர். வீலும் டயரும் எடை கூடினால் குண்டும் குழியுமான சாலையில் சஸ்பென்ஷன் திணறும். எடை குறைந்த 15 அங்குல வீலும் நல்ல டயரும் வாங்குங்கள். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் பழைய வீலிலேயே நல்ல டயர்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயதான டயரில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். காற்று 32 பிஎஸ்ஐ எல்லாம் அடிக்காதீர்கள். தொழிற்சாலை டயர் அளவுக்கு மாஸ்டா சொன்னது 26தான். இவ்வளவு லேசான காருக்கு அதுவே சரி.

கே: குட்டை ஸ்பிரிங் போட்டு 50 மி.மீ. இறக்கினேன். இப்போது வளைவில் மேடு வந்தால் வண்டி திடீரென்று எகிறுகிறது. ஷாக் போய்விட்டதா?

ஷாக்கும் போயிருக்கலாம். முதல் சந்தேகம் பம்ப் ஸ்டாப்மேல்தான், அதாவது சக்கரம் மேலே ஏறும் எல்லையில் தடுக்கும் ரப்பர் கட்டை. இந்தக் காரில் சக்கரம் மேலே ஏற ஏற்கெனவே இடம் குறைவு. 50 மி.மீ.யை நீங்களே எடுத்துவிட்டீர்கள். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த நொடியில் அந்த மூலையில் ஸ்பிரிங் பல மடங்கு இறுகியதுபோல் ஆகும், டயரின் பிடி சட்டென்று போகும். பின்பக்கத்தில் இது நடந்தால் வால் வெளியே வந்துவிடும். ஈரச் சாலையில் ஆபத்து.

25 மி.மீ.க்கு மேல் இறக்காதீர்கள். ஸ்பிரிங் இறுகினால் அது திருப்பித் தள்ளும் வேகத்தைப் பிடித்து அடக்க அதற்கேற்ற ஷாக் வேண்டும். இரண்டையும் ஒரே செட்டாக வாங்குவதே புத்திசாலித்தனம். மேடு பள்ளத்தில் டயர் தரையைவிட்டுக் கிளம்பாமல் இருந்தால்தான் பிடிப்பு. வண்டி குலுக்கியெடுப்பதைப் பார்த்து 'செம டைட்' என்று சிலர் மகிழ்வார்கள். பாவம், அவர்களுடைய டயர் பாதி நேரம் காற்றில் இருக்கிறது.

கே: ஆன்டி ரோல் பாரைத் தடிமனாக்கலாமா?

வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி அது. முன்னால் மட்டும், அதுவும் ஷாக்குக்குப் பிறகு. பின்னாலும் தடிமனாக்கினால் மழையில் வண்டி சுழலப் பார்க்கும்.

கே: அலைன்மென்ட்டுக்கு என்ன அளவு சொல்ல வேண்டும்?

கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு; மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்நோக்கி) முன்னால் மைனஸ் 1 டிகிரி, பின்னால் மைனஸ் 1.5. டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் திரும்பியிருக்கும் திசை) நான்கு சக்கரத்திலும் மிகச் சிறிதளவு உள்நோக்கி. காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டியரிங் அச்சின் சாய்வு) இரண்டு பக்கமும் ஒரே அளவு. நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது செய்யச் சொல்லுங்கள்; 950 கிலோ காரில் ஓட்டுநரின் எடை சின்ன விஷயமில்லை. முன் டோ வெளிநோக்கி இருந்தால் நேர்சாலையில் வண்டி அலையும்.

கே: பெரிய பிரேக் கிட் போட்டால் சீக்கிரம் நிற்குமா?

இப்போதுள்ள பிரேக்கால் சக்கரத்தை லாக் செய்ய முடிகிறதா? முடிந்தால் நிறுத்துவது டயரின் வேலை. பெரிய டிஸ்க் வெப்பத்தைத் தாங்கும், அவ்வளவே. புது பிரேக் ஆயில் ஊற்றுங்கள். டாட் 4 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சியபின் அதன் வரம்பு 155. மலையிறக்கத்தில் பெடல் தரைக்குப் போவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள்.

கே: ஏர் ஃபில்டர், சைலன்சர் மாற்றினால் எவ்வளவு எச்பி கூடும்?

சத்தம் கூடும்.

கே: எப்படியும் டர்போ போடத்தான் போகிறேன். 1.6இல் எது முதலில் உடையும்?

டிஃபரன்ஷியல், அதாவது பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி. 1994 முதல் வந்த 1.8 வண்டிகளில் அது பெரியது, பலமானது. பலரும் அதைத்தான் எடுத்து மாட்டுகிறார்கள். அதோடு கிளட்ச், இன்ஜெக்டர், ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ரேடியேட்டர் எல்லாம் வரிசையாக வரும். பட்ஜெட்டில் டர்போ விலையை மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள்.

கே: பாதுகாப்புக்கு ரோல் பார்?

வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் போடும் கம்பி அது. நல்லதுதான், தலைக்கும் கம்பிக்கும் இடைவெளி போதுமானதாக இருந்தால். ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் காரில் பின்னாலிருந்து இடி வாங்கினால் தலை கம்பியில் மோதும். கடினமான ரேஸ் வகை ஃபோம் கட்டாயம் சுற்ற வேண்டும். சாதாரண ஸ்பாஞ்ச் உதவாது. உயரமானவர் என்றால் சீட்டை இறக்கி உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.